வாரத்துக்கு 10,000 பவுண்டு: இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் படைக்குப் பணம் வந்த வழி

#1 · 3 ஜூன், இரவு 9.20 · கேள்வி

1642இல் தொடங்கிய இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றம் ஜெயித்ததற்கு வரிதான் காரணம் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. லண்டன் வணிகர்கள் கடன் கொடுத்தார்கள், அதில் படை நடந்தது, வரி பேருக்குத்தான். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் கடற்படைக்கென்று கப்பல் வரி கேட்டார் என்று அரசர் முதலாம் சார்லஸோடு மல்லுக்கு நின்ற அதே ஜனங்கள் அதைவிடப் பெரிய வரியை எப்படிக் கட்டியிருப்பார்கள்?

#2 · 3 ஜூன், இரவு 10.45

கடன் கொடுத்தார்கள் என்பது சரி. எதை நம்பிக் கொடுத்தார்கள்?

முதல் சுற்று 1642 ஜூனில். பணம், வெள்ளிப் பாத்திரம், குதிரை, ஆயுதம் எதுவானாலும் கொண்டுவாருங்கள், மதிப்புப் போட்டு 8 சதவீத வட்டி தருகிறோம் என்று நாடாளுமன்றம் அறிவித்தது. லண்டன் நகராட்சி மண்டபமான கில்டுஹாலில் வெள்ளி குவிந்தது. ஆனால் அது ஒரே சண்டையில் எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணிக் கொடுத்த பணம். அக்டோபர் 23இல் எட்ஜ்ஹில் சண்டை யாருக்கும் வெற்றியில்லாமல் முடிந்தபோது, விருப்பப்பட்டுக் கொடுப்பவர்கள் கொடுத்து முடித்திருந்தார்கள்.

அடுத்து நவம்பரில் தொடங்கி, கொடுக்காதவர்களைப் பிடித்தார்கள். நில வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அசையும் சொத்தில் இருபதில் ஒரு பங்கு வரை கேட்கலாம் என்று ஏற்பாடு. இதை வாங்க ஹேபர்டாஷர்ஸ் ஹாலில் ஒரு குழு உட்கார்ந்தது. பெயருக்கு இதுவும் கடன்தான், கேட்ட விதம் மட்டும் வரி. ஒருவரிடம் ஒருமுறைதான் எடுக்கலாம் என்பது இதன் கோளாறு. படைவீரனுக்கோ தினமும் கூலி.

1643 பிப்ரவரி 24இல் கவுண்டிக்கு (மாவட்டத்துக்கு) வாரம் இவ்வளவு என்று கேட்கும் வார வரி வந்த பிறகுதான் கடன் கொடுப்பவனிடம் "இந்தக் கவுண்டியிலிருந்து, இந்த வாரம், இவ்வளவு வரும்" என்று கைகாட்ட முடிந்தது. 1645இல் நாடாளுமன்றம் புதிதாக அமைத்த புதிய மாதிரிப் படை கிளம்ப லண்டன் நகரம் 80,000 பவுண்டு முன்பணம் தந்தது. வார வரி அப்போது மாதக் கணக்குக்கு மாறியிருந்தது. அந்த மாத வரிப் பணத்தை வாங்கி வைக்கும் போர்ப் பொருளாளர்களாக நியமிக்கப்பட்ட எட்டுப் பேரும் லண்டன் நகரத்தார், பணம் போட்டவர்கள். கடன் கொடுத்தவன் கையிலேயே கல்லாச் சாவி. வரி இல்லையென்றால் அந்தச் சாவிக்கு மதிப்பு ஏது?

#3 · 4 ஜூன், காலை 7.10

வார வரி எப்படி நடந்தது என்பதைத் தனியாக எழுதுகிறேன். விஷயமே அதில்தான் இருக்கிறது.

பழைய வரியின் பெயர் சப்சிடி. நிலத்துக்குப் பவுண்டுக்கு 4 ஷில்லிங், பொருளுக்கு 2 ஷில்லிங் 8 பென்னி என்று விகிதம் நிர்ணயித்திருந்தார்கள் (ஒரு பவுண்டு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்னி). மொத்தம் எவ்வளவு வரும் என்பதை யாரும் நிர்ணயிக்கவில்லை. உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் தங்களுக்கும் பங்காளிக்கும் சொத்து மதிப்பைக் குறைத்துக் குறைத்து எழுத, ஒவ்வொரு தடவையும் வசூல் தேய்ந்துகொண்டே வந்தது.

வார வரி இதைத் தலைகீழாகப் புரட்டியது. மொத்தத் தொகையை முதலில் எழுதிவிட வேண்டும். லண்டனுக்கு வாரம் 10,000 பவுண்டு. கென்ட், சஃபோக், நார்ஃபோக் மூன்றுக்கும் தலா 1,250. எசெக்ஸுக்கு 1,125. எல்லாக் கவுண்டியும் சேர்த்து 33,000க்கு மேல். அதன் பிறகு நடப்பது இது:

கவுண்டிக் குழு தன் தொகையை ஹண்ட்ரட் என்ற உட்பிரிவுகளுக்குப் பிரித்துப் போடும். ஹண்ட்ரட்டின் பெரிய கான்ஸ்டபிள் அதை பாரிஷ்களுக்கு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்களுக்கு, பிரிப்பார். பாரிஷில் அங்கேயே குடியிருக்கும் சிலரை மதிப்பீட்டாளர்களாகப் போடுவார்கள். அவர்கள் எல்லார் வாடகை மதிப்பையும் கால்நடையையும் சரக்கையும் கூட்டி, பவுண்டுக்கு இத்தனை பென்னி என்று விகிதம் கண்டு பெயர்ப் பட்டியல் எழுதுவார்கள். அந்தப் பட்டியலோடு தண்டல்காரர் வீடு வீடாகப் போவார்.

கணக்குக்காக ஒரு பாரிஷ். வாரம் 3 பவுண்டு கட்ட வேண்டும், மொத்த வாடகை மதிப்பு 1,440 பவுண்டு. 3 பவுண்டு என்பது 720 பென்னி, ஆகவே விகிதம் பவுண்டுக்கு அரை பென்னி. 30 பவுண்டு நிலம் வைத்திருப்பவர் வாரம் 15 பென்னி, அதாவது 1 ஷில்லிங் 3 பென்னி கட்டுவார். ஆண்டு முழுக்க நீடித்தால் 3 பவுண்டு 5 ஷில்லிங். வருமானத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒன்று.

இப்போது அண்டை வீட்டுக்காரர் தன் நிலத்தைக் குறைத்துச் சொன்னால் என்ன ஆகும்? பாரிஷின் 3 பவுண்டு குறையாது. அவர் மறைத்தது உங்கள் தலையில் ஏறும். அதனால் ஏமாற்றுபவரைக் காட்டிக்கொடுக்க ஊருக்குள்ளேயே ஆள் உண்டு. லண்டனிலிருந்து ஒரு அதிகாரியும் வர வேண்டியதில்லை.

கட்டாவிட்டால் ஜப்தி. மாடு, பானை, படுக்கை எதுவும் எடுத்து விற்று, வரி போக மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எடுக்க ஒன்றுமில்லை என்றால் சிறை. குத்தகைதாரர் தான் கட்டியதை நில உடைமையாளருக்குக் கொடுக்கும் வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் உண்டு. இது முக்கியம். நிலத்துக்காரர் அரசர் பக்கம் ஓடி, அரசரின் தலைமையிடமான ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்திருந்தாலும், அவர் நிலத்தை உழுபவனிடம் வரி வாங்கிவிடலாம்.

#4 · 4 ஜூன், காலை 7.35

மேலே சொல்ல விட்டது: இந்தத் தொகைகள் எல்லாம் காகிதத்தில் உள்ளவை. டெவனுக்கு வாரம் 1,800 பவுண்டு என்று எழுதினார்கள். 1643 செப்டம்பரில் டெவனின் தலைநகரான எக்ஸிட்டர் அரசர் படையிடம் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த 1,800ஐ யார் போய் வாங்குவது? பட்டியலில் உள்ள தொகையைக் கூட்டிப் பார்த்து "வருமானம்" என்று எழுதும் கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

#5 · 4 ஜூன், பகல் 1.05 · கேள்வி

கப்பல் வரிக்கு இன்னும் பதில் வரவில்லை.

#6 · 4 ஜூன், இரவு 8.50

கப்பல் வரியும் இதே உத்திதான். கவுண்டிக்கு இவ்வளவு என்று தொகையை முதலில் கட்டி, கீழே பிரித்துப் போடுவது. 1635 முதல் கடலோரமில்லாத கவுண்டிகளிலும் கேட்டார்கள், ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் பவுண்டு. முதல் சில ஆண்டுகள் நன்றாகவே வசூலானது. 1638இல், கட்ட மறுத்த ஜான் ஹாம்ப்டன் மேல் நடந்த வழக்கில் பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் அரசர் பக்கமும் ஐந்து பேர் எதிர்ப்பக்கமும் தீர்ப்பு சொன்னார்கள். வழக்கில் இருந்த தொகை 20 ஷில்லிங். ஐந்து நீதிபதிகளே கூடாது என்று சொன்ன வரி என்றானதும் ஜனங்கள் கையை இறுக்கினார்கள். 1639 வசூல் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது.

கென்ட் கணக்கைப் பாருங்கள். கப்பல் வரி ஆண்டுக்கு 8,000 பவுண்டு. வார வரி வாரத்துக்கு 1,250. ஏழாவது வாரத்தில் வார வரி ஒரு வருடக் கப்பல் வரியைத் தாண்டிவிடுகிறது. நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி என்பதை இதுவே சொல்லும்.

கட்டியதற்கு மூன்று காரணம் சொல்வேன். கப்பல் வரியில் கவுண்டியில் அரசரின் அதிகாரியான ஷெரீஃப் ஒருவரே பொறுப்பு. வசூல் குறைந்தால் அவர் தலை உருளும், அதனால் யாரும் அவருக்குத் தோள் கொடுக்கவில்லை. வார வரியில் கவுண்டியின் முக்கியக் குடும்பத்து ஆட்கள் பலரைப் பெயர் சொல்லிக் குழுவில் போட்டார்கள். பகையாளிகள் இரண்டு பேரும் அதே குழுவில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கவனித்தார்கள். இரண்டாவது, அரசர் சம்மதம் இல்லாத ஆர்டினன்ஸ் என்றாலும் நாடாளுமன்றம் போட்டது என்ற ஒரு மறைப்பு இருந்தது. முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி, பிறகு நீட்டி நீட்டிக் கொண்டுபோனார்கள். மூன்றாவது, பக்கத்துச் சந்தை ஊரில் குதிரைப்படை நின்றது.

#7 · 4 ஜூன், இரவு 11.15

#6இல் மூன்றாவதைக் கடைசியில் ஒரு வரியில் வைத்தது சரியில்லை. படை அருகில் இருந்ததுதான் முதல் காரணம். ஆனாலும் வெறும் பயத்தால் மட்டும் வாராவாரம் ஒழுங்காகப் பணம் வராது. பயந்த ஊர் ஒரு தடவை கொடுக்கும், அடுத்த தடவை மாட்டைக் காட்டுக்குள் ஓட்டிவிடும். பெயர்ப் பட்டியல், ரசீது, மேல்முறையீடு, அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று புகார் சொல்ல ஓர் இடம், இவை இருந்ததால்தான் இரண்டாவது மாதமும் பணம் வந்தது. அரசர் பக்கத்தில் இது எப்படிச் சிதைந்தது என்பதைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், பிறகு எழுதுகிறேன்.

#8 · 5 ஜூன், காலை 6.55

படைக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று கணக்குப் போடாமல் வரியைப் பேசுவதில் அர்த்தமில்லை.

1645 புதிய மாதிரிப் படை: காலாட்படை 12 ரெஜிமென்ட், தலா 1,200 பேர், ஆக 14,400. குதிரைப்படை 11 ரெஜிமென்ட், தலா 600 பேர், ஆக 6,600. டிரகூன்கள் (குதிரையில் போய் இறங்கிச் சண்டைபோடுபவர்கள்) 1,000. மொத்தம் 22,000.

நாள் கூலி: காலாள் 8 பென்னி, குதிரைவீரன் 2 ஷில்லிங், டிரகூன் 1 ஷில்லிங் 6 பென்னி.

காலாட்படைக்கு நாளைக்கு 480 பவுண்டு. குதிரைப்படைக்கு 660. டிரகூனுக்கு 75. கூட்டினால் நாளைக்கு 1,215 பவுண்டு. 30 நாள் மாதத்துக்கு 36,450. இது சாதாரணச் சிப்பாய்கள் மட்டும். அதிகாரிகள், பீரங்கி, வண்டி, வெடிமருந்து எல்லாம் இதற்கு மேலே.

கவனிக்க வேண்டியது குதிரை. 600 குதிரைவீரர் கொண்ட ஒரு ரெஜிமென்ட்டுக்கு நாளைக்கு 60 பவுண்டு. 1,200 காலாட்கள் கொண்ட ரெஜிமென்ட்டுக்கு 40. பாதி ஆள், ஒன்றரை மடங்குச் செலவு. குதிரைவீரன் அந்த 2 ஷில்லிங்கில்தான் தன் குதிரைக்கும் தீனி போட வேண்டும். சம்பளம் ஒரு வாரம் தவறினால் காலாள் பசியோடு இருப்பான். குதிரைவீரன் ஊருக்குள் புகுந்து வைக்கோல் போரைப் பிரித்துவிடுவான், இல்லையென்றால் குதிரை செத்துவிடும். குதிரைப்படை நிறைய வைத்திருந்த பக்கமெல்லாம் கொள்ளை அதிகமாக நடந்ததற்கு இது ஒரு நேரடிக் காரணம்.

#9 · 5 ஜூன், காலை 9.40

திருத்தம். படையில் மாதம் என்றால் 28 நாள். மேலே 30 போட்டது தவறு. 1,215 × 28 = 34,020 பவுண்டு. ஆண்டுக்கு 13 சம்பளம் வரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்தப் படைக்காகப் போட்ட மாத வரி 53,436 பவுண்டு, கிழக்கிலும் தென்கிழக்கிலும் நாடாளுமன்றத்தின் கையில் உறுதியாக இருந்த கவுண்டிகள் மேல். 34,020ஐ அதில் கழித்தால் வசதியாக மிஞ்சுவது போலத் தோன்றும். அதிகாரிகள் சம்பளத்தைச் சேர்த்ததும் அந்த வசதி சுருங்கிவிடும். அதனால்தான் நாளுக்கு 10 ஷில்லிங்கும் அதற்கு மேலும் பெறும் அதிகாரிகளுக்குப் பாதிச் சம்பளம், 5 ஷில்லிங்கும் அதற்கு மேலும் பெறுவோருக்கு மூன்றில் இரண்டு பங்கு, மீதி போர் முடிந்த பிறகு என்று ஆர்டினன்ஸிலேயே எழுதினார்கள். தொடங்கிய நாளிலிருந்தே பாக்கி.

#10 · 5 ஜூன், மாலை 4.30 · கேள்வி

படை செலவைக் கவுண்டிகள் நேரடியாகத் தாங்கள் திரட்டிய படைக்கே கொடுத்துவிட்டால் லண்டன் வரை பணம் போய் வரத் தேவையில்லையே? நாடாளுமன்றத்தின் பக்கம் சேர்ந்து நின்ற கிழக்குக் கவுண்டிகளின் கூட்டமைப்பு அப்படித்தானே செய்தது?

#11 · 5 ஜூன், இரவு 9.05

ஆமாம், கொஞ்ச காலம் அது நன்றாகவே நடந்தது. அந்தக் கூட்டமைப்பின் தளபதி மான்செஸ்டர் பிரபுவின் படைக்காக 1644 ஜனவரியில் கிழக்குக் கவுண்டிகளின் தொகையை ஒன்றரை மடங்காக ஏற்றினார்கள். நார்ஃபோக், சஃபோக் 1,250இலிருந்து 1,875, எசெக்ஸ் 1,125இலிருந்து 1,687 பவுண்டு 10 ஷில்லிங். பணம் கேம்பிரிட்ஜில் ஒரே கருவூலத்தில் சேர்ந்தது. கவுண்டிக்குக் கவுண்டி தனிக் கல்லா வைத்தவர்களைவிட இது எவ்வளவோ மேல்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், படை யார்க்ஷயர் வரை போனபோது. எங்கள் பணம், எங்கள் எல்லையைக் காக்கத்தான் என்று கவுண்டிகள் நினைத்தன. 1644 ஜூலை 2இல் மார்ஸ்டன் மூரில் ஜெயித்தாலும் நார்ஃபோக்காரருக்கு அது தூரத்துச் சேதி. படை தள்ளிப் போகப் போகப் பணம் தாமதமாகும். புதிய மாதிரிப் படையின் வரி இந்த முடிச்சை அறுத்தது. எந்தக் கவுண்டி கொடுத்தாலும் பணம் ஒரே பொருளாளர்களிடம், படை எங்கே போனாலும் சம்பளம் அங்கிருந்து.

இன்னொன்று. இடையில் தங்கும் பணத்தைக் கண்டுபிடிக்க 1644 பிப்ரவரியில் நாட்டுக் கணக்குகளை எடுக்கும் குழு என்று ஒன்றைப் போட்டு, கவுண்டிகளிலும் துணைக்குழு வைத்தார்கள். வில்லியம் பிரின் அதன் தலைவர். கவுண்டிக் குழுவுக்கும் கணக்குக் குழுவுக்கும் தீராச் சண்டை. அந்தச் சண்டையால்தான் இன்று நமக்குக் கிராமம் கிராமமாக யார் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்குச் சுவடிகள் கிடைக்கின்றன.

#12 · 6 ஜூன், இரவு 10.20

அரசர் பக்கம்.

தொடக்கத்தில் அவர் வழியும் மோசமில்லை. 1643 தொடக்கத்தில் வூஸ்டர்ஷயர் மாதம் 3,000 பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டது. கவுண்டியின் பெரிய மனிதர்களைக் கூட்டிச் சம்மதம் வாங்கி, அதன் பிறகே தண்டினார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் கல்லூரிகளின் வெள்ளிப் பாத்திரங்கள் 1643 ஜனவரியில் நியூ இன் ஹால் நாணயச் சாலைக்குப் போய்க் காசாகின. அரசி ஹென்ரியெட்டா மரியா நகைகளை நெதர்லாந்துக்குக் கொண்டுபோய் அடகு வைத்து ஆயுதம் வாங்கினார். கல்லூரி வெள்ளியும் நகையும் விதைநெல்லைக் குத்தித் தின்பது மாதிரி, அடுத்த போகத்துக்கு உதவாது.

லண்டன் இல்லை. கடற்படையும் நாடாளுமன்றத்தின் பக்கம். ஆகவே சுங்கத்தின் பெரும்பகுதி கிடையாது. மாத வரியை மட்டும் நம்ப வேண்டிய நிலை. அந்த மாத வரிக்கு நேர்ந்தது என்னவென்றால், ஒவ்வொரு காவல்கோட்டைக்கும் சுற்றுவட்டாரத்து ஊர்களை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கோட்டைத் தளபதியே தண்டி, தானே செலவு செய்வார். பாதி ரொக்கம், பாதி ஓட்ஸ், வைக்கோல், பாலாடைக்கட்டி. காகிதத்தில் பார்த்தால் சிக்கனம், பணம் ஆக்ஸ்ஃபோர்ட் போய்த் திரும்ப வேண்டியதில்லை. நடைமுறையில் ஒரு தளபதியும் கோட்டையைச் சுருக்க ஒப்பமாட்டார், ஏனென்றால் கோட்டை போனால் ஊர்களும் போகும். கோட்டைகள் பெருகின, காவலுக்கு ஆட்கள் சிதறினார்கள், களத்தில் சண்டைபோடும் படைக்கு ஆளும் இல்லை, காசும் இல்லை.

எல்லையோர ஊர்களின் கதிதான் கொடுமை. பான்பரியில் அரசர் கோட்டை, நியூபோர்ட் பாக்னலில் நாடாளுமன்றக் கோட்டை. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஊருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஓலை வரும். ஒருவருக்குக் கொடுத்த ரசீதை மற்றவரிடம் காட்டினால் அதுவே குற்றம். கெடு தாண்டினால் வீட்டுக்குத் தீ வைப்போம் என்று மிரட்டி எழுதிய உத்தரவுகள் இரண்டு பக்கத்திலும் உண்டு, அரசர் பக்கத்தில் போரின் பிற்பகுதியில் மிகுதி. மிரட்டிய பிறகும் கொடுக்காத ஊருக்கு உண்மையிலேயே தீ வைத்தால் அடுத்த மாதம் அங்கே தண்ட ஒன்றும் இருக்காது. தீ வைக்காவிட்டால் மிரட்டல் செல்லாது.

1645இல் வில்ட்ஷயர், டார்செட், சோமர்செட் பக்கத்து விவசாயிகள் தடியும் அரிவாளுமாகத் திரண்டு இரண்டு படையையும் வெளியே போகச் சொன்னார்கள். கிளப்மென் என்று பெயர். எங்கள் மாட்டைத் தொட்டால் சண்டைதான் என்ற பொருளில் கொடியில் எழுதி வைத்திருந்தார்கள். புதிய மாதிரிப் படை, அதன் தளபதி ஃபேர்ஃபாக்ஸின் கீழ், அவர்கள் நடுவே போனபோது, வாங்கிய பொருளுக்குக் காசு கொடுத்தது. எல்லாவற்றுக்கும் அல்ல, எப்போதும் அல்ல, ஆனால் அரசர் பக்கத்துத் தளபதி கோரிங்கின் குதிரைப்படையோடு ஒப்பிட்டால் அது போதுமானதாக இருந்தது. அந்தக் காசு கென்ட்டிலும் எசெக்ஸிலும் பட்டியல் போட்டு வாங்கிய காசு. #7இல் சொன்ன வித்தியாசம் இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

#13 · 7 ஜூன், காலை 8.15 · கேள்வி

கலால் வரியை விட்டுவிட்டீர்களே. அதுதானே பின்னால் நிலைத்தது?

#14 · 7 ஜூன், இரவு 9.30

நிலைத்தது என்பது சரி. போர்க்காலப் படைச் சம்பளத்தில் நிலத்தின் மேல் விழுந்த மாத வரிதான் பெரியது. கலால் இரண்டாவது.

நாடாளுமன்றத் தலைவர்களில் ஒருவரான ஜான் பிம் இதை முதலில் பேசியபோது சபையே அதிர்ந்தது. ஹாலந்தில் நடப்பது, சுதந்திர நாட்டுக்கு ஆகாது என்ற எண்ணம். அப்படி ஒரு திட்டமே இல்லை, வதந்தி என்று 1642இல் மறுத்தார்கள். 1643 ஜூலை 22இல் சட்டமாக்கினார்கள். ஏல், பீர், சைடர், ஒயின், புகையிலை, சர்க்கரை என்று தொடங்கி, 1644 ஜனவரியில் இறைச்சியும் உப்பும் சேர்ந்தன.

தண்டும் இடம்தான் இதில் எல்லாம். குடிப்பவனிடம் வாங்கினால் ஆயிரம் கை நீட்ட வேண்டும், காய்ச்சுபவனிடம் வாங்கினால் ஒரு வாசல். லண்டனில் பெரிய மதுக்காய்ச்சிகள் இருந்ததால் எளிது. வாரத்துக்கு எத்தனை பீப்பாய் என்று அவர்கள் கணக்குக் கொடுக்க, அலுவலர் போய்ச் சரிபார்ப்பார். நாட்டுப்புறத்தில் ஒவ்வொரு சிறு கடையும் தன் ஏலைத் தானே காய்ச்சியது, வீட்டிலும் காய்ச்சினார்கள். அங்கே கலால் அலுவலர் அடுக்களை வரை நுழைய வேண்டியிருந்தது. வெறுப்பு அங்கிருந்துதான்.

இறைச்சியில் கை வைத்தது பெரிய பிழை. 1647 பிப்ரவரியில் லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தையில் மாடு வாங்கியவர் கலால் கட்ட மறுத்ததில் கலவரமாகி, கூட்டம் கலால் அலுவலகத்தைக் கொளுத்தியது. அதே ஆண்டு ஜூனில் இறைச்சிக்கும் உள்நாட்டு உப்புக்கும் வரியை எடுத்துவிட்டார்கள். பீருக்கு எடுக்கவில்லை.

இன்னொரு நுணுக்கம்: கலால் வருமானத்தின் மேல் முன்கூட்டியே கடன் வாங்கி, யாருக்கு எந்த வரிசையில் திருப்புவது என்று எழுதிவைத்தார்கள். சில ஆண்டுகளில் வரும் காசெல்லாம் பழைய கடன்காரர் வரிசைக்கே போனது. புதிதாக ஒரு சிப்பாய்க்குக் கொடுக்க அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

#15 · 7 ஜூன், இரவு 9.55

சொத்து முடக்கத்தையும் ஒரு கை பார்த்துவிடலாம். வரி அல்ல, ஆனால் அதே கல்லாவுக்கு வந்தது. 1643 மார்ச் 27 முதல் அரசர் பக்கம் நின்றவர்களின் நிலத்தை எடுத்துக் குத்தகையை நாடாளுமன்றமே வாங்கியது. மனைவி மக்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு விடுவார்கள். ஆயுதம் எடுக்காத கத்தோலிக்கருக்கு மூன்றில் இரண்டு பங்கு போகும். சின்ன அதிகாரிகளைக் கொண்டு நூற்றுக்கணக்கான பண்ணைகளை நடத்துவது தலைவலி. காட்டை வெட்டி விற்றுவிடுவார்கள், வேலி விழும், வாடகை குறையும். அதனால் உடைமையாளரையே கூப்பிட்டு, ஒரு தொகை கட்டி மீட்டுக்கொள் என்று விட்டார்கள். கோல்டுஸ்மித்ஸ் ஹாலில் உட்கார்ந்த குழு அதைத் தீர்மானித்தது.

தொகையைப் படிக்கும்போது கவனம் தேவை. நிலத்தின் விலை என்பது அதன் 20 ஆண்டு வருமானம் என்று கணக்கு. பத்தில் ஒரு பங்கு அபராதம் என்றால் இரண்டு ஆண்டு வருமானம். 1646இல் ஆக்ஸ்ஃபோர்டில் சரணடைந்தவர்களுக்குக் கிடைத்த சலுகை விகிதம் அது. ஆறில் ஒரு பங்கு என்றால் மூன்று ஆண்டுக்கும் கொஞ்சம் மேலே. பத்தில் ஒன்று தானே என்று இன்றைய கண்ணால் படித்தால் தவறாகிவிடும்.

#16 · 8 ஜூன், காலை 7.25 · கேள்வி

இவ்வளவு ஒழுங்காகப் பணம் வந்ததென்றால் 1647இல் படை ஏன் கலகம் செய்தது?

#17 · 8 ஜூன், இரவு 10.40

ஒழுங்காக வந்தது என்று நான் சொன்னது அரசர் பக்கத்தோடு ஒப்பிட்டு.

1647 வசந்தத்தில் புதிய மாதிரிப் படையின் காலாட்களுக்கு 18 வாரமும் குதிரைவீரருக்கு 43 வாரமும் பாக்கி. காலாளுக்கு 4 பவுண்டு 4 ஷில்லிங், குதிரைவீரனுக்கு 30 பவுண்டுக்கு மேல். நாடாளுமன்றம் முதலில் ஆறு வாரச் சம்பளம் கொடுத்துக் கலைத்துவிடப் பார்த்தது. குதிரைவீரனுக்கு ஆறு வாரம் என்றால் 4 பவுண்டு 4 ஷில்லிங். 30 கேட்பவனிடம் 4 நீட்டினால் வாங்குவானா? குதிரையின் விலையும் தீனிக் கடனும் அவன் தலையில்.

பணம் ஏன் இல்லை? போர் முடிந்ததும் கவுண்டிகள் கட்டுவதைக் குறைத்துவிட்டன. நாடாளுமன்றத்துக்கு உதவ வந்திருந்த ஸ்காட்லாந்துப் படையை வெளியே அனுப்ப 4 லட்சம் பவுண்டு ஒப்புக்கொண்டு, முதல் 2 லட்சத்தை 1647 தொடக்கத்தில் எண்ணிக் கொடுத்தார்கள். அந்த 2 லட்சத்தைத் திரட்டிய விதம் முதல் கேள்விக்கே திரும்பக் கொண்டுபோகிறது. 1646 நவம்பரில் பிஷப்புகளின் நிலங்களை விற்பனைக்கு வைத்து, பழைய கடன்காரர்களிடம் சொன்னார்கள்: உங்களுக்கு அசலும் வட்டியுமாக நாங்கள் எவ்வளவு பாக்கியோ, அவ்வளவு தொகையை மறுபடி கொடுங்கள். கொடுத்தால் பழையதும் புதியதும் இரண்டுமே இந்த நிலத்தின் மேல் ஈடு பெறும். கொடுக்காதவர் பழைய கடனோடு காத்திருக்க வேண்டியதுதான். இரட்டிப்பு என்றே பெயர்.

ஆகவே #2இல் நான் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். போரின்போது கடனுக்கு வரி ஈடாக நின்றது. போர் முடிந்தபோது வரி முழுக்க முன்கூட்டியே அடகுக்குப் போய்விட்டதால், கடனுக்கு நிலத்தைக் காட்ட வேண்டிவந்தது. அந்த அளவில் நீங்கள் லண்டன் கடனை முன்னே வைத்தது தவறில்லை.

#18 · 9 ஜூன், காலை 6.40

விட்டுப்போன இன்னொரு பாக்கி: இலவசத் தங்கல். சம்பளம் வராத சிப்பாய் ஒரு வீட்டில் தங்கிச் சாப்பிட்டு, கடன்சீட்டு எழுதிக் கொடுப்பான். பாரிஷ்கள் அந்தச் சீட்டுகளைச் சேர்த்து, எங்கள் மாத வரியில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும். கழித்தால் பொருளாளருக்குப் போகும் ரொக்கம் குறையும். ரொக்கம் குறைந்தால் சம்பளம் தவறும். சம்பளம் தவறினால் மறுபடி இலவசத் தங்கல். கழிக்க மறுத்தால் ஒரே ஊர் இரண்டு தடவை கொடுத்ததாகிறது. மாத வரியை 1649இல் 90,000 பவுண்டாக ஏற்றியதற்கு ஒரு காரணம் இந்தச் சுழலை நிறுத்துவது.

சிப்பாயின் பாக்கிக்கும் அதே ஆண்டு வழி செய்தார்கள். ஜூலையில் அரச நிலங்களை விற்கச் சட்டம் போட்டு, பாக்கிக்குப் பத்திரம் கொடுத்தார்கள். அவன் தங்கிச் சாப்பிட்டதைக் கழித்துக்கொண்டே எழுதினார்கள். பத்திரத்தைக் கொண்டு நிலம் வாங்கலாம். 10 பவுண்டு பத்திரம் வைத்திருக்கும் காலாள் எந்த அரண்மனைத் தோட்டத்தை வாங்குவது? கைச்செலவுக்காக, பத்திரத்தில் எழுதியிருந்த தொகையில் ஒரு பகுதிக்கே அதை விற்றான். வாங்கிச் சேர்த்தவர்களில் பலர் அவனுடைய சொந்த அதிகாரிகள்.

#19 · 9 ஜூன், பகல் 12.10 · கேள்வி

அப்படியானால் 1660இல் மன்னராட்சி திரும்பியபோது படை எப்படிச் சத்தமில்லாமல் கலைந்தது?

#20 · 9 ஜூன், இரவு 8.30

பாக்கியை ரொக்கமாகக் கொடுத்தார்கள். அதற்கென்றே 1660இல் தலைவரியும் மாத வரியும் போட்டு, பணம் கைக்கு வர வர ரெஜிமென்ட் ரெஜிமென்ட்டாக எண்ணிக் கொடுத்து அனுப்பினார்கள். தண்டிய முறை 1643இல் எழுதிய அதே முறை: கவுண்டிக்கு ஒரு தொகை, பெயர் சொன்ன குழு, பாரிஷ் பட்டியல். கலாலைப் புதிய அரசர் இரண்டாம் சார்லஸுக்கே எழுதிக் கொடுத்தார்கள், பாதி அவர் ஆயுளுக்கு, பாதி பழைய நிலவுரிமைக் கட்டணங்களை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக.